அத்தானின் 240இசட்: பழைய எஞ்சினை மீட்பதா, வேறு எஞ்சின் இறக்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்தால் போதும், முதல் வாரத்திலேயே மூன்று கட்சி கிளம்பிவிடும். உள்ளதை உள்ளபடி சரிசெய் என்பது ஒரு கட்சி. அதே வம்சத்தில் கொஞ்சம் பெரிய எஞ்சினாகப் பார்த்துப் போடு என்பது இன்னொன்று. "அந்தப் பழசைக் கழற்றி வீசிட்டு டர்போ போட்டதா ஒண்ணு இறக்குப்பா" என்பது மூன்றாவது. இதில்தான் ஆள் அதிகம், சத்தமும் அதிகம். இசிபிங்கோவில் என் அக்கா வீட்டு கராஜில் நிற்கும் 1972 டாட்சன் 240இசட்டுக்கும் இதே பஞ்சாயத்துதான் நடக்கிறது. அத்தான் ஓட்டிய கார், இப்போது அக்கா மகன் பொறுப்பு. "நீங்களே சொல்லுங்க மாமா" என்று என்னிடம் விட்டிருக்கிறான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கணக்கைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையவே இருக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்குக் காரைப் பற்றி நாலு வார்த்தை. 1969 அக்டோபரில் ஜப்பானில் 'ஃபேர்லேடி இசட்' என்று வந்தது. வெளிநாடுகளில் நிசான் தன் டாட்சன் பெயரில் 240இசட் என்று விற்றது. 2393 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு ஹிட்டாச்சி கார்புரேட்டர், பின்சக்கர ஓட்டம், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அடுத்து 260இசட், வட அமெரிக்காவுக்கு மட்டும் 280இசட் என்று 1978 வரை அதே உடம்பில் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள். இத்தனை விற்றதால்தான் இன்றைக்கும் ரப்பர் புஷ்ஷிலிருந்து டெயில் லைட் கேஸ்கெட் வரை புதிதாகக் கிடைக்கிறது. அத்தானுக்கு இந்தக் கார் மேல் பித்துப் பிடித்ததற்கு வேறு காரணம். 1973 கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் உகாண்டா இந்தியக் குடும்பத்துப் பிள்ளை ஷேகர் மேத்தா ஜெயித்தது 240இசட்டில். நம் நிறத்தில் ஒருவன் சேற்றில் அந்தக் காரை ஓட்டி முதலாவதாக வந்தான் என்பது அந்தக் காலத்து டர்பனில் சின்ன விஷயமில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதலில் அடியில் படுத்துப் பார்

மூன்று கட்சிக்காரர்களும் எஞ்சினைப் பற்றியே பேசுகிறார்கள். என் கணக்கில் எந்த எஞ்சின் என்பதைத் தீர்மானிப்பது பாடிதான். இந்தக் காருக்குத் தனியாக சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, அதன் அடியில் ஓடும் பெட்டி ரெயில்கள், கதவுக்குக் கீழே உள்ள சில் எல்லாம் சேர்ந்துதான் எலும்புக்கூடு. அங்கே துரு பிடித்தால் அழகு போனது என்று அர்த்தமில்லை, பலம் போனது என்று அர்த்தம்.

டர்பனில் கடல் காற்றே போதும் இரும்பைத் தின்ன. அக்கா வீட்டுக் காருக்குக் கூடுதலாக ஒன்று நடந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலையே முழுகிப்போனது நினைவிருக்கும். அதற்கு அடுத்த ஊர்தான் இசிபிங்கோ. கராஜுக்குள் கதவின் சில் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. வடிந்ததும் கழுவித் துடைத்து, மெழுகு போட்டு, மேலே துணி போர்த்திவிட்டார்கள். பார்க்க மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. சில்லுக்குள்ளும் பெட்டி ரெயிலுக்குள்ளும் புகுந்த வண்டலை யார் கழுவினார்கள்? வடிகால் துளைகள் அடைந்திருந்தால் அந்த மண் இன்னும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருக்கும்.

பார்க்கவேண்டிய இடங்கள் எல்லா இசட்டிலும் ஒன்றுதான். பேட்டரித் தட்டு, அதற்கு நேர் கீழே போகும் ரெயில் (பல வருடம் ஆசிட் சொட்டியிருக்கும்), முன் ஃபெண்டருக்குப் பின்னால் கதவுக்கு முன் உள்ள மூலை, பின்சக்கரத்துக்கு முன்னால் வளையும் பகுதி, ஸ்டெப்னி வைக்கும் குழி, பின்கதவின் கீழ் விளிம்பு. ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்தினால், பட்டி அடித்து மூடிய இடத்தில் பிடிமானம் தளரும். அக்கா மகன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பேட்டரித் தட்டுக்குக் கீழே ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து அழுத்தினேன். நமத்துப்போன பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது. அதற்குப் பிறகு அவன் டர்போ பேச்சை எடுக்கவில்லை.

வெள்ளம் பட்ட காரில் இன்னும் மூன்று இடம் உண்டு. பின்சக்கரங்களுக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். சென்டர் கன்சோலுக்கு அடியில் இருக்கும் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து முனைகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதாக, பின் சஸ்பென்ஷனின் கீழ்க்கையில் ஓடும் நீளமான ஸ்பிண்டில் பின். வெள்ளம் படாத காரிலேயே இது துருப்பிடித்து இறுகி மெக்கானிக்குகளை அழவைக்கும் சாமான். சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கி முனை தடித்துப்போகும், பிறகு எந்தப் பக்கமும் வராது. இழுத்தெடுக்கத் தனி டூல் உண்டு. அதை வாங்கிவிடு, இல்லை கையைக் கழற்றி ப்ரெஸ் இருக்கும் கடைக்குக் கொண்டுபோ.

வெல்டிங்கும் பெயிண்டும் குளிர்காலத்தில்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் டர்பனில் மழை குறைந்து காற்று காய்ந்திருக்கும் மாதங்கள். கோடையின் புழுக்கத்தில் பெயிண்ட் அடித்தால் மேற்பரப்பு வெளிறிப்போகும், திறந்து வைத்த தகடு மறுநாளே செம்மை பூக்கும். அக்காவோ, ஆடி பிறந்ததும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம், புது வேலை தொடங்காதே என்கிறாள். ஆனியிலேயே தொடங்கிவிட்டால் ஆடியில் நடப்பது தொடர்ச்சிதானே என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன்.

உள்ள எஞ்சினையே மீட்பது

240இசட்டில் இருப்பது எல்24. அடியில் வார்ப்பிரும்பு ப்ளாக், மேலே அலுமினிய ஹெட், வால்வுகளைத் திறந்து மூடும் கேமை ஓட்டுவது பெல்ட் அல்ல, சங்கிலி. முரட்டுத்தனமாக உழைக்கும் எஞ்சின். ஆண்டுக்கணக்கில் நின்றதென்றால் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகிவிடக் கூடாது. ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவிட்டு, முன்னால் க்ராங்க் போல்ட்டில் பெரிய ஸ்பேனர் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றினால் நல்ல சகுனம். பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். எண் எவ்வளவு என்பதைவிட ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பதுதான் முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்தான். ஒரு சிலிண்டர் மட்டும் இறங்கி, அதில் ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங்.

இந்த எஞ்சினுக்கு டர்பனில் வரும் வியாதி குழாய்த் தண்ணீர். இங்கே உறைபனி கிடையாது, அதனால் கூலண்ட் எதற்கு என்று ரேடியேட்டரில் தோட்டத்துக் குழாயை வைத்து நிரப்பி வளர்ந்த கூட்டம் நாம். கூலண்ட் உறையாமல் இருக்க மட்டுமல்ல, அலுமினியம் அரிக்காமல் இருக்கவும்தான். ஹெட்டைத் தூக்கினால் தண்ணீர் போகும் துளைகளின் ஓரம் கரையான் தின்றதுபோல் இருக்கும். கொஞ்சம் என்றால் வெல்டிங் வைத்து நிரப்பி மட்டம் சீவிவிடலாம். அதிகம் என்றால் வேறு ஹெட் தேட வேண்டும்.

ஹெட்டைத் தூக்கும்போது ஒன்றை மறந்தால் ஒரு வாரம் போச்சு. சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் முன் கவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றுமுன் ஆப்பு வடிவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி மேலிருந்து சங்கிலியின் நடுவில் இறக்கி அடைக்க வேண்டும். அதில் கயிறு கட்டி வைத்தால் பிறகு எடுக்கலாம். ஆப்பு இல்லாமல் கழற்றினால் டென்ஷனரின் முனை வெளியே துள்ளி விழும். அதைத் திரும்ப உள்ளே வைக்க முன் கவரையே கழற்ற வேண்டிவரும். ஹெட்டைச் சீவியிருந்தால் சங்கிலி சற்றுத் தளர்ந்து கேம் பின்தங்கும். அதற்கென்றே ஸ்ப்ராக்கெட்டில் 1, 2, 3 என்று மூன்று துளை கொடுத்திருக்கிறான் ஜப்பான்காரன். இதைத் தெரிந்த மெக்கானிக்கா என்று கண்டுபிடிக்க, "எந்தத் துளையில மாட்டினீங்க?" என்று கேட்டாலே போதும். முழித்தால் அடுத்த கடை.

ஹெட் கடைக்குப் போகும்போதே எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டை (வால்வ் உட்காரும் வளையம்) கடினமானதாக மாற்றச் சொல்லிவிடலாம். 2006 தொடக்கத்தோடு தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. பழைய சீட்டுகள் ஈயத்தை நம்பி இருந்தவை. சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதன் 83 மில்லிமீட்டர் விட்டத்தை (இதைத்தான் போர் என்பார்கள்) பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது எந்த நல்ல எஞ்சினியரிங் கடைக்கும் கைவந்த வேலை. ஆயில் விஷயத்தில் பெட்ரோல் பங்கில் விற்கும் மெல்லிய புதுரக ஆயில் வேண்டாம். ராக்கர்கள் கேமின் மேல் நேரே உரசி ஓடும் எஞ்சின் இது. துத்தநாகச் சேர்க்கை தேவை, புதுரக ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய வண்டிக்கென்று வரும் 20டபிள்யூ-50 இந்த ஊர் வெயிலுக்கும் ஒத்துப்போகும்.

இந்த வழியின் குறை என்ன? நேரம். கழற்ற ஒரு நாள், கடையில் காத்திருக்க மாதங்கள். முடிந்த பிறகும் 150 குதிரைத்திறன்தான். பக்கத்தில் நிற்கும் புது ஹாட்ச்பேக் சிக்னலில் முந்திவிட்டுப் போகும். அது உறுத்துமென்றால் இந்த வழி உனக்கில்லை.

அதே வம்சத்தில் பெரியது: எல்28

இரண்டாவது கட்சியை நான் ஒதுக்கிவிடமாட்டேன். எல்28 எஞ்சினும் வெளியிலிருந்து பார்த்தால் எல்24தான். போர் 86 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 79, மொத்தம் 2753 சிசி. அதே மவுண்டில் உட்காரும், அதே கியர்பாக்ஸ் மாட்டும், அதே கார்புரேட்டர்களும் ஏறும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஊசியும் (நீடில்) பெட்ரோல்-காற்றுக் கலவையும் (மிக்ஸ்சர்) மட்டும் மாற்றினால் போதும். 280இசட்எக்ஸ் காரிலும் பழைய நிசான் பட்ரோல் 160 ஜீப்பிலும் வந்தது. பட்ரோலிலிருந்து எடுப்பது ஜீப் வேலைக்கென்று அமைத்த எஞ்சின், ஆயில் தங்கும் அடித்தொட்டியான சம்ப்பையும் அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயையும் காரிலிருந்து மாற்றிப் போட வேண்டும். அதைத் தெரியாமல் வாங்கி வந்து, அடியில் இடிக்கிறதே என்று நிற்பவர்கள் உண்டு.

சொந்த எஞ்சினின் ப்ளாக் விரிசல் விட்டிருந்தாலோ ஏற்கெனவே கடைசி அளவுக்குப் போர் செய்திருந்தாலோ இதுதான் புத்திசாலித்தனம். இழுவை நன்றாகவே கூடும், பானட்டைத் திறந்தால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பழைய எல்24ஐ விற்றுவிடக் கூடாது. எண்ணெய் தடவி ப்ளாஸ்டிக்கில் சுற்றி மூலையில் வைத்திருந்தால் என்றைக்காவது திரும்ப ஏற்றலாம். ஆனால் நாற்பது வருடம் எங்கெங்கோ உழைத்த எல்28ஐயும் திறந்து பார்த்துத்தான் போட வேண்டும். ஆக, ரீபில்ட் செலவு மிச்சம் என்று நினைப்பது தப்புக்கணக்கு.

இறக்குமதி எஞ்சின்

மூன்றாவது கட்சிக்கு ஏன் இத்தனை ஆள் என்றால், டர்பன் துறைமுக ஊர். ஜப்பானில் ஓடி முடித்த எஞ்சின்கள் கியர்பாக்ஸோடு, வயரோடு இங்கே வந்து இறங்குகின்றன. இந்த நாட்டில் லெக்சஸின் 4 லிட்டர் வி8 ஏறாத பக்கி (பிக்கப் வண்டி) கிடையாது. ஆசைப்படுபவனுக்கு நிசானின் ஆர்பி25 டர்போ கண்ணில் படும். 2.5 லிட்டர், வரிசை ஆறு, 250 குதிரைத்திறன், அதுவும் நிசான் குடும்பம், நீளமும் ஏறக்குறைய ஒத்துவரும். கடையில் சொல்லும் விலையைக் கேட்டால், எல்24 ரீபில்டைவிட மலிவு என்றே தோன்றும்.

அந்த விலை நுழைவுச் சீட்டு மட்டும்தான். மவுண்ட் செய்ய வேண்டும், சம்ப் இடிக்காமல் மாற்ற வேண்டும், இஞ்ஜெக்ஷனுக்கு ஹை ப்ரெஷர் பெட்ரோல் பம்ப்பும் திரும்பி வரும் லைனும் டேங்கில் தடுப்பும் வேண்டும், ரேடியேட்டர் பெரிதாக வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி நீளம் திருத்த வேண்டும், வயரிங்கை ஒருவர் உட்கார்ந்து பிரித்துக் காரின் மீட்டர்களோடு சேர்க்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அடுத்த பலவீனம் தலைகாட்டும். முன்னால் டிஸ்க், பின்னால் ட்ரம் என்றிருக்கும் ப்ரேக் 150 குதிரைக்குச் செய்தது. டிஃபரென்ஷியலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேல், ஸ்க்ரூடிரைவர் இறங்கிய அந்த ரெயில். 250 குதிரையின் முறுக்கு அதில்தான் போய் உட்காரும். இப்படி மாற்றிய கார்கள் பாதியில் நின்று, "ப்ராஜெக்ட், 90 சதவீதம் முடிந்தது" என்று விற்பனைக்கு வருவது சும்மா இல்லை. அந்த மிச்சம் 10 சதவீதத்தில்தான் வீட்டில் சண்டையே.

காகித வேலையும் உண்டு. எஞ்சின் எண் மாறினால் போலீஸ் கிளியரன்ஸ் வாங்கி நேட்டிஸ் என்ற அரசு வாகனப் பதிவில் மாற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் வாங்கிய இன்வாய்ஸும் இறக்குமதிக் காகிதமும் கேட்பார்கள். காகிதம் இல்லாமல் மலிவாகத் தருகிறேன் என்பவரிடம் வாங்கினால் பிறகு காரை விற்கவும் முடியாது, இன்ஷூரன்ஸ் கேட்கவும் முடியாது. எல்28 போட்டாலும் இது பொருந்தும், பழைய டாட்சன்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

மறுவிற்பனை பற்றி ஒரு எச்சரிக்கை. 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஆன்லைன் ஏலத்தில் ஒரு 1971 240இசட் 3,10,000 டாலருக்குப் போனது. அக்கா மகன் அந்தச் செய்தியைப் போனில் வைத்துக்கொண்டு சுற்றுகிறான். அது மிகக் குறைவாக ஓடி, தொடாமல் வைத்திருந்த கார். வெள்ளத்தில் நின்ற இசிபிங்கோ காருக்கு அந்தக் கணக்கு ஒட்டாது. ஒட்டுவது ஒன்றுதான்: அசல் எஞ்சினும் அசல் எண்ணும் உள்ள கார்களைத்தான் பணமுள்ளவர்கள் தேடுகிறார்கள். பழைய காரை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் இட்டாக் என்ற அரசு அமைப்பின் பர்மிட் வேண்டும், சாதாரணப் பழைய காருக்கு அது கிடைப்பதில்லை. ஆகவே இங்கே ஏற்கெனவே இருக்கும் நல்ல கார்களுக்கு மதிப்பு எளிதில் இறங்காது.

என் தீர்ப்பை மறைக்கவில்லை. பாடிக்கு முதலில் பணம், எல்24ஐத் திறந்து பார், ப்ளாக் தேறினால் அதையே கட்டு, தேறாவிட்டால் எல்28. இறக்குமதி டர்போ எப்போது சரி? ஏற்கெனவே யாரோ வெட்டி ஒட்டி, அசல் எஞ்சின் தொலைந்துபோன காரை வாங்கியிருந்தால். அங்கே இழக்க ஒன்றுமில்லை, தாராளமாகச் செய்யலாம்.

யார் கையில் கொடுப்பது

இதிலும் வழி ஒன்றல்ல. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் பழைய கார் வேலையிலேயே ஊறிய கடைகள் உண்டு, வேலை சுத்தம். ஆனால் ஒவ்வொரு தடவையும் என்-3 நெடுஞ்சாலையில் ஏறி இறங்கிப் போய்ப் பார்க்க முடியுமா? துரு வேலையில் திறக்கத் திறக்க புதிது புதிதாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் "இதையும் செய்யட்டுமா" என்று கேட்பார்கள். தூரத்தில் இருந்து 'சரி' சொல்லிக்கொண்டே இருந்தால் பில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பாடி வேலையை க்ளேர்வுட், ஜேக்கப்ஸ் பக்கம், வாரம் ஒரு நாள் வேலை முடிந்து எட்டிப் பார்க்கக்கூடிய பேனல் பீட்டரிடம் கொடுப்பதே மேல். தகடு ஒட்டியதும் பட்டி போடுமுன் நம் கண்ணால் பார்க்க வேண்டும். மூடிய பிறகு எல்லா வேலையும் அழகாகத்தான் இருக்கும். மூடுமுன் சில்லுக்குள்ளும் ரெயிலுக்குள்ளும் மெழுகு ஸ்ப்ரே அடிக்கச் சொல்ல வேண்டும், இந்தக் கடற்கரையில் அது இல்லாமல் செய்த வெல்டிங் நிலைக்காது.

பாகங்களை அக்கா மகனே வாங்கிக் கொடுப்பது நல்லது. அதிகம் கிடைப்பது அமெரிக்காவில். ஆனால் அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். டாஷ்போர்டு, ஸ்டியரிங் சம்பந்தப்பட்டவை, பெடல், ஹீட்டர் பகுதி எல்லாம் ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ஜப்பானிலோதான் தேட வேண்டும். விலையோடு கப்பல் கூலி, சுங்கம், 15 சதவீத வாட் எல்லாம் கூட்டித்தான் மலிவா என்று பார்க்க வேண்டும். பின்கதவு ரப்பரையும் டெயில் லைட் கேஸ்கெட்டையும் முதல் ஆர்டரிலேயே போடச் சொன்னேன். அவை காய்ந்துபோனால் ஓடும்போது புகைக்குழாயின் புகை பின்வழியாகக் காருக்குள் வந்து தலைவலி கொடுக்கும். இசட்டுக்கே உரிய வியாதி அது.

கார்புரேட்டரை மட்டும் அவனே கற்றுக்கொள்ளட்டும். மூடியைக் கழற்றிப் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கி 'டக்' என்று உட்கார வேண்டும். திக்கினால் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முதலில் ஒரு கார்புரேட்டரின் வாயிலும் பிறகு அடுத்ததன் வாயிலும் வைத்துக் கேட்க வேண்டும். இரண்டின் 'உஸ்' சத்தமும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருகுவதுதான் ட்யூனிங். வெயிலில் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷத்தில் திரும்ப ஸ்டார்ட் செய்தால் இருமுகிறது என்றால் மிக்ஸ்சரைத் தொடாதே. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் லைன் கொதிக்கிறது, கார்புரேட்டருக்கு அடியில் வெப்பத் தகடு இருக்கிறதா என்று பார்.

எஞ்சினை மட்டும் ஜோஹன்னஸ்பர்க்கில் கட்டி ட்யூன் செய்து வாங்கி வருவதாக இருந்தால், அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் என்பதை மறக்கக் கூடாது. அங்கே காற்று ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெலிது, அதற்கேற்ப மெக்கானிக் பெட்ரோலைக் குறைத்து வைத்திருப்பார். அதே செட்டிங்கோடு டர்பனுக்கு இறங்கினால் இங்கே காற்று அடர்த்தி, பெட்ரோல் போதாது, எஞ்சின் சூடேறி வால்வ் வெந்துபோகும். வந்து இறங்கியதும் இரண்டு கார்புரேட்டரின் அடியிலும் உள்ள மிக்ஸ்சர் நட்டைத் திறந்து, ப்ளக்கின் நுனி வெளிறிய வெள்ளையிலிருந்து பழுப்புக்கு வரும்வரை ஓட்டி ஓட்டிச் சரிசெய்ய வேண்டும். அதுவரை ஹைவேயில் ஏற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.